டப டப முதலாளியின் சைலன்சர்

என் கராஜுக்குச் சைலன்சர் வேலையாக வருகிறவர்கள் இரண்டே வகை. "கொஞ்சம் சத்தம் கூட்டிக் குடுங்க பாஸ்" என்பவர்கள் ஒரு வகை. "கொஞ்சம் சத்தம் குறைச்சுக் குடுங்க பாஸ்" என்பவர்கள் இன்னொரு வகை. பதினெட்டு வருடம் இந்த எண்ணெய்க்குள் கிடந்ததில் எனக்குத் தெரிந்துபோன இரகசியம், இரண்டும் ஒரே ஆட்கள்தான் என்பது. இடையில் ஒரு கல்யாணமோ, ஒரு கைக்குழந்தையோ, ஒரு பொலிஸ் தண்டமோ வந்து போயிருக்கும். இருபது வயதில் ஊரே காதைப் பொத்த வேண்டும் என்று குழாயை அறுக்கச் சொன்னவன், இருபத்தெட்டு வயதில் தொட்டிலில் பிள்ளை தூங்குகிறது என்று அதே குழாயைத் தூக்கிக்கொண்டு வருவான். அறுப்பதும் நான்தான், ஒட்டுவதும் நான்தான்.

என் பெயர் ஜெயகாந்த். பலாபத்வலயில், மாத்தளையிலிருந்து யாழ்ப்பாணம் போகிற பெரிய ரோட்டின் ஓரத்தில், பள்ளிவாசலுக்கு எதிர்ப்பக்கம் என் கராஜ். சத்தத்தைப் பற்றி எனக்கென்று ஒரு கொள்கை உண்டு. பைக் வருவது தெரிய வேண்டும், எவன் வருகிறான் என்று தெரியக் கூடாது. இதை யாருக்குச் சொன்னாலும் கேட்பதில்லை. என் மனைவி ஜூலியட் மட்டும், "இத சொல்ற ஒங்க சத்தந்தான் அடுத்த ஊர் வரைக்கும் கேக்குது" என்பாள்.

என் இரண்டு வகையிலும் சேராத ஒரே ஆள் ஸக்கரியா அண்ணன், ஊர்ப் பேச்சில் ஸக்கரியா நானா. ஐம்பத்தாறு வயது, ஒல்லி உடம்பு, நாடா கட்டாத ஹெல்மட். பைக்கின் பின்னால் நாலு வெற்றுச் சாக்கும் ஒரு தொங்கு தராசும் எப்போதும் இருக்கும். வீடு வீடாகப் போய் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்குவது அவர் தொழில். இந்தப் பக்கம் நாலந்தா வரைக்கும், அந்தப் பக்கம் மலையைச் சுற்றிப் பல்லேகம வரைக்கும், எந்த வீட்டு மரத்தில் எத்தனை மிளகுக் கொடி ஏறியிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். யார் வீட்டு நாய் கடிக்கும், யார் வீட்டு நாய் குரைப்பதோடு சரி என்பதும் தெரியும்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் பல்லேகம ரோட்டில் அவருடைய பழைய பைக்கின் சைலன்சருக்குள் இருந்த துளை போட்ட குழாய் இற்று விழுந்துவிட்டது. வெடித்துக்கொண்டே என்னிடம் வந்தார். அன்றைக்கு என்னிடம் கை நிறைய வேலை. நாளைக்கு வாங்க நானா என்று அனுப்பிவிட்டேன். அந்த நாளைக்கு வந்தவர் பைக்கை விட்டு இறங்கவில்லை.

"தம்பி, வேணாம். அப்படியே இருக்கட்டும்."

"ஏன் நானா?"

"நேத்து போற வழியில என்ன வெடிக்குதுன்டு பார்க்க பொம்பளைங்க எல்லாம் ரோட்டுக்கு வந்துட்டாங்க. வந்ததுதான் வந்தோம், மொளகையும் குடுத்துருவோம்ன்டு குடுத்துட்டாங்க. நான் ஒரு ஊட்டுக்குள்ளயும் போகவே இல்ல."

அன்றிலிருந்து பன்னிரண்டு வருடம் அந்தக் குழாய் இல்லாமலே ஓடினார். சிங்கள ஊர்களில் அவருக்கு டப டப முதலாளி என்று பெயர் விழுந்தது. அவர் இரண்டு வளைவுக்கு அப்பால் வரும்போதே மிளகுச் சாக்கு வாசலுக்கு வந்துவிடும். எங்கள் ஊரில் அந்தச் சத்தத்தை நம்பி ஒரு தெருவே நடந்தது. ஆலமரத்து வளைவில் 'டப டப' என்று கேட்டால் வீட்டுக்கு வந்து சேர மூன்று நிமிடம். அவருடைய மனைவி மஸூதாக்கா அதற்குள் சோற்றைப் போட்டு வைப்பார். மகள் றிப்னா பள்ளிக்கூடம் போன காலத்தில் அதற்குள் டீவியை நிறுத்திப் புத்தகத்தை விரித்துவிடுவாள். பக்கத்து வீட்டு ஹஸீப் நானா, ஸக்கரியா நானாவின் வேலிக்குள் மேய விட்டிருந்த தன் ஆட்டை இழுத்துக் கட்டிவிடுவார்.

இந்தச் சத்தத்தை வாய் திறந்து திட்டிய ஒரே ஆள் மஸூதாக்கா. திட்டுவதற்கு அவருக்கு நியாயம் இருந்தது. நாலந்தாவில் அவருடைய அக்கா றமீஸா ராத்தா, குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, ஒன்றரை வருடமாகப் படுக்கையில். அந்த வீடு பெரிய ரோட்டிலிருந்து மூன்று மைல் உள்ளே, பஸ் இல்லாத பாதை. ஸக்கரியா நானாவிடம் கேட்டால் "இன்ஷா அல்லாஹ், நாளைக்கு" என்பார். அவருக்கு எல்லா நாளைக்கும் மிளகு இருந்தது. எப்போதாவது கூட்டிப்போனாலும், அந்த வெடிக்கு மேல் உட்கார்ந்து போய் இறங்கும் மஸூதாக்கா, நோயாளிக்குப் பக்கத்தில் இன்னொரு பாயை விரித்துத் தலைவலிக்குப் படுக்க வேண்டும்.

றிப்னா கல்யாணம் முடித்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறாள். பள்ளிக்கூட டீச்சர். போன வருடம் ஒரு ஸ்கூட்டி வாங்கினாள். அதற்குப் பிறகு ஹஸீப் நானா வீட்டுக் கல்யாணத்தில் ஆறு பேர் ஒரு சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும்போது யாரோ, "மகளுக்குப் பொறகு உம்மாவும் ஓட்டப் போறாங்களோ?" என்று கிண்டிவிட்டிருக்கிறார்கள். ஸக்கரியா நானாவின் கையில் கோழிக்கால். அதை ஆட்டியபடியே சொன்னாராம்:

"மஸூதா பைக் ஓட்டுற நாள்ல, நான் பின்னால குந்திக்கிட்டு நாலந்தா வரைக்கும் போறேன். நீங்க எல்லாரும் ரோட்டுல நின்டு கை தட்டுங்க!"

ஆண்கள் பந்தியில் சொன்னது, கடைசி இனிப்பான வட்டிலப்பம் வருவதற்கு முந்தியே பெண்கள் பந்திக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் காலையில் மஸூதாக்கா மகள் வீட்டு வாசலில் நின்றார்.

"றிப்னா, எல் போட் எங்க விக்கிது?"

இந்தக் கதை எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஸ்கூட்டிக்கு பிரேக் பார்ப்பவன் நான். மஸூதாக்கா வீட்டுக்குப் பின்னால் கொக்கோ காயவைத்த பழைய சிமெந்துக் களம் ஒன்று இருக்கிறது. றிப்னா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மூன்று மணியிலிருந்து நாலரை வரைக்கும் அங்கே உம்மாவுக்குப் பாடம். எழுத்துப் பரீட்சை பாஸ். இனி மாத்தளையில் ட்ரையல். அதில் இரண்டு கம்பத்தைச் சுற்றி, கால் தரையில் படாமல் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். அது மட்டும் முடிந்துவிட்டால் ராத்தாவைப் பார்க்க யாருடைய நாளைக்கும் தேவையில்லை. முடிவதற்குள் புருசனுக்குத் தெரிந்தால் ஸ்கூட்டி மகள் வீட்டுக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும், அது நிச்சயம். ஆனால் மஸூதாக்காவுக்குப் பயம் இருக்கவில்லை. ஆலமரத்து வளைவில் டப டப கேட்டால் மூன்று நிமிடம். ஸ்கூட்டியை மறைக்க ஒன்று, அபாயாவைக் கழற்ற ஒன்று, சோற்றைப் போட ஒன்று.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துப் பொலிஸ், சத்தமான சைலன்சர் பூட்டிய பைக்குகளைப் பிடிக்கத் தொடங்கியது. நாலந்தாவுக்குக் கிட்ட ஸக்கரியா நானாவை நிறுத்தினார்கள். பிடிப்பதற்கு அவர்கள் பெரிய பாடு ஒன்றும் படவில்லை. பத்து நிமிடத்துக்கு முந்தியே அவர் வருவது தெரிந்து, ஒருவர் பிளேன்டீயைக் குடித்து முடித்துவிட்டே ரோட்டுக்கு வந்தாராம். இரண்டு வாரத்துக்குள் சரியான சைலன்சர் பூட்டிக் கொண்டுவந்து காட்டச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

செத்த வீட்டுக்குப் போகிற முகத்தோடு என்னிடம் வந்தார். புதுச் சைலன்சர் பூட்டினேன். நான் பூட்டுகிற ஒவ்வொரு நட்டுக்கும் கடைசியில் ஜூலியட் நகத்துக்குப் பூசும் சிவப்புக் கியூடெக்ஸில் ஒரு பொட்டு வைப்பேன். அது என் பழக்கம். பொட்டு கலைந்திருந்தால் வேறு எவனோ திறந்திருக்கிறான் என்று தெரிந்துவிடும். அப்படிப் பொட்டு வைத்து முடித்து, ஸ்டார்ட் பண்ணினேன். ஸக்கரியா நானா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஸ்டார்ட் ஆகலியே தம்பி."

"ஆகிருச்சி நானா."

"மெய்யா?" குனிந்து காதை வைத்துப் பார்த்தார். "இது பைக்கா, தையல் மெசினா?"

முதல் இரண்டு நாள் மனுசன் அழாத குறை. ஒரு வீட்டிலிருந்தும் யாரும் வெளியே வரவில்லை. ஹோன் அடித்துப் பார்த்தார். மீன்காரர் என்று நினைத்துப் பூனைகள்தான் வந்தன. மூன்றாம் நாள் நாலந்தாப் பக்கம் ஒரு வீட்டு முற்றத்தில் போய் நின்றபோது, வீட்டுக்கார அம்மா பாயில் பரப்பிய மிளகின் மேல் பூச்செடிக்குத் தெளிக்கிற மாதிரிக் கையால் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். நனைந்த மிளகுக்கு எடை கூட. நிமிர்ந்து பார்த்து, சிங்களத்தில் கோபித்துக்கொண்டாராம். "அனே முதலாளி! இப்படிச் சத்தம் போடாம வந்தா மனுசர் என்ன செய்றது?"

அதற்கடுத்த வீட்டில் ஒருவன் பெஞ்சியில் ஏறி நின்று, தராசு பிடிப்பது போலக் கையை வைத்துக்கொண்டு இவரைப் போலவே பேசி நடித்துக்கொண்டிருக்க, குடும்பமே சிரித்துக்கொண்டிருந்தது. இன்னொரு வீட்டில், காலையில் ஊறிய அதே தேயிலையில் இன்னொரு தண்ணீர் ஊற்றித்தான் தனக்குப் பிளேன்டீ வருகிறது என்று தெரிந்துகொண்டார். இதையெல்லாம் என்னிடம் சொல்லும்போது அவருடைய கண்ணில் ஒரு வெளிச்சம்.

"பன்னெண்டு வருசம் நான் எனக்கே பறையடிச்சிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன் தம்பி. இப்பதான் ஊரப் பாக்குறேன். தங்கமான சைலன்சர். இனி எந்தப் பொலிஸ் கேட்டாலும் கழட்ட மாட்டேன்." பைக்கில் ஏறியவர் திரும்பிப் பார்த்தார். "ஊட்டுக்கும் ஒருநாள் இப்படிப் போய்ப் பாக்கணும்."



அந்த ஒருநாள், அடுத்த செவ்வாய்க்கிழமை. மூன்றரை மணிக்கு, ஒரு பொட்டுச் சத்தம் இல்லாமல் வீட்டுக்குப் பின்பக்கம் வந்து நின்றிருக்கிறார். றிப்னா ஸ்கூட்டியோடு களத்தின் அந்தக் கோடிக்குப் போயிருந்த நேரம். மஸூதாக்கா களத்தின் நடுவில், தலையில் ஹெல்மட்டோடு. புருசனைக் கண்டதும் அப்படியே கீழே குந்தி, ஹெல்மட்டைக் கழற்றிக் கவிழ்த்து வைத்து, பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்த செத்தல் மிளகாயில் இரண்டு பிடியை அள்ளி அதற்குள் போட்டிருக்கிறார்.

"என்ன செய்ற?"

"மொளகா புடைக்கிறேன்."

"ஹெல்மட்டுலயா?"

"சுளகு கிழிஞ்சி போச்சி."

நம்பிவிட்டார். மறுநாள் வரும்போது ஒரு புதுச் சுளகு வாங்கி வந்தார். றிப்னாவுக்குத்தான் பாவம், அந்த ஹெல்மட்டைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன மூன்று நாளும் கண்ணால் தண்ணீர் வடிந்தது. புருசனோடு சண்டையா என்று சக டீச்சர்மார் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்களாம்.

அந்த வாரமே மஸூதாக்கா, பிரேக் பார்க்கிற சாக்கில் மகளோடு கராஜுக்கு வந்தார்.

"தம்பி, அந்தப் பைக்க பழையபடி வெடிக்கப் பண்ணுங்க."

"நீங்களா அக்கா இத சொல்றீங்க? இத்தன வருசமா அந்தச் சத்தத்தத் திட்டினது நீங்கதானே?"

"திட்டினேன். இனியும் திட்டுவேன். ட்ரையலுக்கு எட்டு நாள்தான் ஈக்குது. அது மட்டுக்கும் வெடிக்கட்டும்."

"பொலிசுக்குக் காட்டணும் அக்கா. கழட்டினா அவர்தான் மாட்டுவாரு. அத நான் செய்ய மாட்டேன்."

நான் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் அவர் எழும்பிப் போகவில்லை. ஸ்கூட்டியின் சீட்டைத் தடவிக்கொண்டே நின்றார்.

"ராத்தாட மொகத்தப் பார்த்து நாப்பது நாளாச்சி தம்பி. போன் பேசினா, நீ வராட்டிப் பரவாயில்ல, ஒன்ட சத்தமாவது கேட்டிச்சே என்டு சொல்றா. எனக்கு அது ஏலா. அவக்கு நான்தான் தல வாரி விடணும். அவட மருமகள் வாரினா முடிய இழுக்குறாளாம்."

நான் இளகிய மனசுக்காரன் இல்லை. கடன் கேட்டு வருகிறவர்களை ஸ்பானரைத் தூக்கிக் காட்டியே அனுப்புகிறவன். ஆனால் இந்தத் தலை வாருகிற பேச்சு எனக்குள் எங்கேயோ போய்க் குத்தியது. சைலன்சரில் கை வைக்காமல் பைக்கில் சத்தம் வர வைக்க முடியாதா என்று அன்றிரவு சாப்பிடும்போது யோசித்தேன். முடியும். பழுது பார்த்துப் பழகியவனுக்குப் பழுது வைக்கவும் தெரியும்.

அடுத்தநாள் ஸக்கரியா நானா காற்றடிக்க வந்தபோது, பின் மட்கார்டுக்கு உட்பக்கம், கண்ணுக்கும் டயருக்கும் படாத இடத்தில், ஒரு கம்பித் துண்டில் ஒரு நட்டைக் கோத்துத் தொங்கவிட்டேன். பைக் நகர்ந்தால் அது தகரத்தில் முட்டி 'கிலுங் கிலுங்' என்று கேட்கும். ஆலமரத்து வளைவிலிருந்து கேட்காது, ஆனால் தெருமுனையிலிருந்து நிச்சயம் கேட்கும். மூன்று நிமிடம் இல்லாவிட்டாலும் ஒரு நிமிடம் கிடைக்கும். மஸூதாக்காவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். சோற்றைப் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்றார்.

மாலையே ஸக்கரியா நானா திரும்பி வந்துவிட்டார்.

"தம்பி, என் பைக் ஆடு மாதிரி வருது. மணி கட்டின ஆடு."

நான் செயினைப் பார்த்தேன், லைட்டை ஆட்டினேன், சீட்டைத் தட்டினேன். ஒன்றும் தெரியவில்லையே என்றேன். அடுத்தநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். ஒவ்வொரு தடவையும் நான் தரையில் மல்லாந்து படுத்து, அந்த நட்டைப் பார்த்துக்கொண்டே, "ஒன்னும் இல்லையே நானா" என்றேன். வாழ்க்கையில் எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்ததில்லை. பைக்கில் ஒரு சத்தம் வந்தால் எங்கிருந்து என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவன் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயரைக் கிலுங் கிலுங் என்று ஒருவர் ஊர் முழுக்க ஓட்டிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை மாத்தளைக் கோவிலில் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன்.  பாதர் திரைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்.

"என்ட பைக்குல ஒரு கிறீச் சத்தம் வருதே மகன், அதுவும் நீங்கதானா?"

"ஐயோ இல்ல பாதர், அது மெய்யான சத்தம்."

"சரி. அந்த நட்ட கழட்டிருங்க. அதுதான் ஒங்களுக்குப் பரிகாரம்."

எப்போது கழற்ற வேண்டும் என்று பாதர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வியாழக்கிழமை ட்ரையல். வெள்ளிக்கிழமை கழற்றினாலும் பரிகாரம் பரிகாரம்தானே.

வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு, றிப்னாவும் மஸூதாக்காவும் ஸ்கூட்டியில் மாத்தளைக்குப் போனதை ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். றிப்னா ஓட்ட, உம்மா பின்னால் எல் போட்டை மடியில் வைத்திருந்தார். ஒரு மணித்தியாலம் கழித்து நான் ஒரு கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டிருக்கையில், என் முதுகுக்குப் பின்னால் மேசையில் 'டிக்' என்று ஏதோ வைக்கிற சத்தம். திரும்பினால் ஸக்கரியா நானா. பைக் வந்தது எனக்குக் கேட்கவே இல்லை.

மேசையில் ஒரு நட்டு. அதன் மேல் சிவப்பாக ஒரு பொட்டு.

நான் எவ்வளவு பெரிய மடையன் என்று அப்போதுதான் தெரிந்தது. சத்தம் வருவதற்கென்று தொங்கவிட்ட நட்டு, இறுக்கவே இல்லாத நட்டு, அதற்கும் என் கை பழக்கத்தில் கியூடெக்ஸ் வைத்துவிட்டது. திருடன் திருடிய வீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த கதை.

"கம்பி தேஞ்சி ரோட்டுல விழுந்திச்சி," என்றார். "ஜூலியட்ட கியூடெக்ஸ் தானே இது? இந்தப் பகுதியிலேயே நெகத்துல பூசாம நட்டுக்குப் பூசுறது நீங்க ஒருத்தர்தான்."

"அது நானா… எங்கயாவது லூசாகி…"

"கம்பியில கோத்து லூசாகிச்சா?"

நான் கார்புரேட்டரைத் திரும்பக் கழுவத் தொடங்கினேன்.

"ஹெல்மட்டுல மொளகா புடைச்சதும் இதுவும் ஒரே கதைதானே? ஊட்டுல ஆள் இல்ல. மகளும் பள்ளிக்கூடம் போகலியாம். சொல்லுங்க தம்பி, என்னத்த என்ட கண்ணுல மறைக்கிறீங்க எல்லாரும்?"

பொய் சொல்லப் பார்த்தேன், வரவில்லை. பொய் வராவிட்டால் எனக்குக் கோபம்தான் வரும். கையிலிருந்த துணியை மேசையில் எறிந்தேன்.

"ட்ரையலுக்குப் போயிருக்காங்க. ஸ்கூட்டி ஓட்ட. நீங்க நாளைக்கு நாளைக்குன்னு சொல்லிச் சொல்லி, அக்கா தன் கூடப் பொறந்தவ மொகத்தப் பார்த்து நாப்பத்தெட்டு நாளாச்சி. எண்ணிப் பார்த்தீங்களா? மொளகு எத்தன கிலோன்னு எண்ணுவீங்க. அவங்களுக்கு ஒங்க பைக்கு சத்தம் போட்டாலும் தொல்ல, போடாட்டியும் தொல்ல. இப்ப போய்த் தடுக்கிறதுன்னா தடுங்க. ஆனா நானும் வருவேன்."

இவ்வளவும் சொன்ன பிறகுதான் பயம் வந்தது. அவர் கொஞ்ச நேரம் அந்த நட்டை உருட்டிக்கொண்டிருந்தார்.

"எத்தன மணிக்கு?" என்றார்.

கராஜைச் சாத்தக்கூட இல்லை. பின்னால் சாக்குகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.  மாத்தளையில் ட்ரையல் நடக்கிற மைதானத்து மதிலோரமாக அவர் மெதுவாக வந்து பைக்கை நிறுத்தினார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பழைய சைலன்சராக இருந்திருந்தால் மணிக்கூட்டுக் கோபுரத்தில் வரும்போதே மஸூதாக்காவுக்குக் கேட்டு, அங்கேயே கம்பத்தில் மோதியிருப்பார்.

மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தோம். மஸூதாக்காதான் அப்போது எட்டுப் போட ஆரம்பித்திருந்தார். முதல் வளைவு சரி. நடுவில் வரும்போது ஸ்கூட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. வலது கால் கொஞ்சம் கீழே இறங்கியது. ஸக்கரியா நானா என் தோளைப் பிடித்த பிடியில் நான்கு விரலும் பதிந்துவிட்டன.

"திருப்பு, திருப்பு, ஹேண்டிலத் திருப்பு புள்ள," என்று மூச்சுக்குள் சொன்னார். "கால வைக்காத. யா அல்லா, கால வைக்காத."

கால் தரையில் படவில்லை. இரண்டாவது வளைவையும் எடுத்து, கோட்டில் வந்து நிறுத்தினார். பரீட்சை அதிகாரி தாளில் எதையோ எழுதித் தலையை ஆட்டினார். றிப்னா ஓடி வந்து உம்மாவைக் கட்டிக்கொண்டாள். நான் கை தட்டப் போனேன். ஸக்கரியா நானா என் கையைப் பிடித்து இழுத்து மதிலுக்குக் கீழே உட்கார வைத்தார். அவருடைய கண் நனைந்திருந்தது. மிளகாய் ஒன்றும் பக்கத்தில் இல்லை.

"வாங்க போவோம்."

"பேசலியா நானா?"

"ஒரு ஊட்டுக்குள்ள போக முந்தி மூணு தரம் ஸலாம் சொல்லணும் தம்பி. பதில் வராட்டித் திரும்பிப் போகணும். எனக்கு அத சின்ன வயசுலயே சொல்லித் தந்தாங்க. இந்தச் சைலன்சர் வந்த பொறகு நான் என்ட சொந்த ஊட்டுக்குள்ளயே ஸலாம் இல்லாமப் பூந்திருக்கேன்." பைக்கைத் தள்ளிக்கொண்டு ரோட்டுக்கு வந்தார். "அவ எப்ப சொல்ல நெனைக்கிறாளோ அப்ப சொல்லட்டும். அது மட்டுக்கும் எனக்கு ஒன்னும் தெரியாது. ஒங்களுக்கும் தெரியாது."

கராஜுக்கு வந்ததும் சட்டைப்பையிலிருந்து நட்டை எடுத்து நீட்டினார்.

"இத திரும்பக் கட்டுங்க. கம்பிய கொஞ்சம் மொத்தமாப் போடுங்க."

கட்டிக் கொடுத்தேன். பைக்கின் சொந்தக்காரரே கேட்டுக் கட்டினால் அது பாவமாகாது என்று நினைக்கிறேன். பாதரிடம் கேட்கப் போகவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வாரம், கிலுங் கிலுங் என்று தெருமுனையில் கேட்கும். வீட்டுக்குள் மஸூதாக்கா அவசரமாக எதையாவது மறைப்பார். ஸக்கரியா நானா தெருவிலேயே பைக்கை நிறுத்தி, இல்லாத ஒரு பழுதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, பிறகு உள்ளே போவார். அவருக்குத் தெரியும் என்பது இன்று வரைக்கும் மஸூதாக்காவுக்குத் தெரியாது. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

தற்காலிக லைசன்ஸ் கையில் கிடைத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வருகிற நேரம். பள்ளிவாசல் கேட்டுக்கு இந்தப் பக்கம், என் கராஜுக்கு நேரே, ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. மஸூதாக்கா. ஹெல்மட் நாடாவை ஒழுங்காகக் கட்டியிருந்தார். கையில் இன்னொரு ஹெல்மட், அந்த மிளகாய் ஹெல்மட். ஹஸீப் நானாவும் அந்தச் சஹன்காரர்கள் மிச்சப் பேரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஸக்கரியா நானா நடுவில்.

"நாலந்தாவுக்குப் போறேன்," என்றார் மஸூதாக்கா. "ஏறுங்க."

ஸக்கரியா நானா நெஞ்சில் கை வைத்தார். வாயைப் பிளந்தார். இரண்டு அடி பின்னால் போனார். மிளகுக்குத் தண்ணீர் தெளிக்கிறவர்களோடு பழகிய மனுசன், நடிப்பை நன்றாகத்தான் கற்றிருந்தார். கொஞ்சம் கூடிவிட்டது என்று நான் இங்கிருந்து கண்ணைக் காட்டினேன்.

"நீயா? ஒனக்கா? எப்பயிருந்து?"

"ஏறுங்க என்டேன். நீங்க எல்லாம் என்ன பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க? கை தட்டச் சொல்லி அன்டைக்குச் சொன்னாரே?"

முதலில் தட்டியது ஹஸீப் நானா. பிறகு ஒரு தெருவே தட்டியது. நானும் எண்ணெய்க் கையால் தட்டினேன். ஸக்கரியா நானா ஹெல்மட்டைப் போட்டுக்கொண்டு, முதல் தும்மலைத் தும்மி, பின்னால் ஏறிக் குந்தினார். ஸ்கூட்டி சத்தமே இல்லாமல் வடக்கே திரும்பிப் போனது. ஆனால் கடைசி வளைவு வரைக்கும் அவருடைய குரல் எங்களுக்குக் கேட்டது. "பிரேக்! பிரேக்! லொறி வருது! மாடு, மாடு! கொஞ்சம் இந்தப் பக்கம்! அல்லாவே, மெதுவா!"

மிச்சத்தை அடுத்த வாரம் எண்ணெய் மாற்ற வந்தபோது மஸூதாக்காதான் சொன்னார். றமீஸா ராத்தா படுக்கையில் சீப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாராம். ஸக்கரியா நானா இன்னும் ரோட்டிலேயே நிற்க, தங்கச்சி மட்டும் வாசலில் வந்து நிற்பதைக் கண்டதும், "மூணு மைலும் நடந்தா வந்த?" என்று அழப் பார்த்திருக்கிறார். "ஒரு சத்தமும் கேக்கலியே. அவரு கூட்டி வரலியா?"

"நான்தான் கூட்டி வந்தேன் ராத்தா," என்றாராம் இவர், ஹெல்மட்டைக் கழற்றிக்கொண்டே. "சத்தத்தப் பின்னால ஏத்திக்கிட்டு வந்திருக்கேன்."